இரண்டு பக்கமும் சீவிய பென்சில்

எழுதுகிறவனின் வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்களின்மேல் ஆணையாக, இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஓர் எழுத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கூட்டிச் சொல்லும் பழக்கம் இருந்திருந்தால் பற்கள் முப்பத்திரண்டு என்றே சொல்லியிருக்கலாம்.

கட்டிட வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில், இரண்டாம் மாடியில், ஜன்னலோரச் சாய்வு மேசையில் ஒரு வரைவாளர் இருந்தார். எல்லோரும் அவரை ‘ஊசி’ என்றே கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் உட்காரும்போது நாற்காலி ‘ஐயோ’ என்பது கீழ்மாடி வரை கேட்கும். அந்தப் பெயர் அவர் உடம்புக்கு வந்ததல்ல, அவர் சீவும் பென்சில் முனைக்கு வந்தது.

அந்த முனையைப் பற்றி இரண்டே செய்தி சொன்னால் போதும். ஒருமுறை பறந்துவந்த கொசு ஒன்று அதன்மேல் மோதி இரண்டு கொசுவாகப் பிரிந்து போனது. இரண்டும் திரும்பி வந்து அவரைக் கடித்தன. இன்னொரு முறை அந்த முனையால் அவர் போட்ட கோட்டைப் பெரிய பொறியாளர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் காணாமல், கடைசியில் விரலால் தடவிப் பார்த்துத்தான் கோடு இருப்பதை ஒப்புக்கொண்டார்.

காலையில் வந்ததும் ஊசி சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிடுவார். பழைய செய்தித்தாளை மேசைமேல் விரிப்பார். பாதி முறித்த பிளேடை அதன் காகித உறையிலிருந்து எடுப்பார். பிறகு யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. பிளேடு அசையக் கூடாது, பென்சில்தான் அதைத் தேடிக்கொண்டு போகவேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் சிவப்பு வர்ணம் மெல்லிசாக உரியும். அடுத்த சுற்றில் மரம் வரும், கூடவே அந்த வாசனையும். அடுத்த சுற்றில் கரி எட்டிப் பார்க்கும். சீவல் அறுபடாமல், ஓரத்தில் சிவப்புக் கரை போட்ட குட்டி விசிறிபோல் சுருண்டு சுருண்டு இறங்கும். ஒரு நல்ல நாளில் அப்படி இறங்கிய சீவல் மேசையைத் தாண்டி, அடுத்த மேசையைத் தாண்டி, படிக்கட்டில் ஏழு படி இறங்கிப் போனது. கீழே வந்த தபால்காரர் அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினார்.

எல்லா நாளும் அப்படி வாய்த்துவிடுமா? வாய்க்காது. கீழே விழுந்த பென்சில் என்று ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் ஒரு கீறல் இருக்காது. உள்ளே கரி நாலு துண்டாகக் கிடக்கும். பாடுபட்டுச் சீவி, ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தாளில் வைத்தால் முனை ஆடும் பல்லைப்போல் கழன்று விழும். மறுபடி சீவினால் மறுபடி விழும். ஒரு பென்சிலைச் சீவிச் சீவி அவர் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்து, அதற்கப்புறம் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்ததுண்டு. மரம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய பென்சில், மொட்டைப் பிளேடு, ஈர நாளில் பஞ்சுபோல் பிய்கிற மரம் என்று அவருக்குப் பகையாளிகள் நிறைய. அலுவலகம் ஒருமுறை கைப்பிடி சுற்றும் ஷார்ப்னர் எந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டது. ஊசி அதன் பக்கமே திரும்பவில்லை. அது முதல் வாரத்தில் நூறு பென்சிலைத் தின்றது, இரண்டாம் வாரத்தில் கணக்கரின் கழுத்துப்பட்டையைத் தின்றது. பிறகு அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டார்கள்.

அந்த மாடியில் யாரும் எங்கும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று இருந்தது. வரைபடப் பென்சிலின் ஒரு கோடியில் அதன் கடினத்தைப் பொன் எழுத்தில் குத்தியிருப்பார்கள். நாலு எச் என்றால் கல் மாதிரி, மங்கலாக எழுதும். இரண்டு பி என்றால் வெண்ணெய் மாதிரி, கறுப்பாக எழுதும். எழுத்து இருக்கும் கோடியைச் சீவக் கூடாது. சீவினால் பென்சிலுக்குப் பெயர் போய்விடும், எது எது என்று தெரியாது.

தெரியாமல் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அங்கே முழுகும். நாலு எச் போடும் மங்கல் கோடு கண்ணுக்கு மட்டும். அளவு பார்க்க, இடம் பார்க்க. அதை அழிக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டு பி போடும் கறுப்புக் கோடு செங்கல்லுக்கு. வரைவாளர் முடித்த தாளின்மேல் நகல் எடுப்பவர் கண்ணாடிபோன்ற டிரேசிங் தாளை விரித்து, கறுப்புக் கோட்டின்மேல் மட்டும் மை ஓட்டுவார். மை ஓடிய இடத்தில் சுவர் எழும்பும்.

அங்கே நகல் எடுத்தவள் முப்பது வயதுப் பெண். மாடியில் எல்லோருக்கும் அவள் ‘நகலம்மா’. ஊசிக்கு மட்டும் ‘தங்கச்சி’. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் விவரம் தெரியாமல் எழுத்துள்ள கோடியைச் சீவிவிட்டாள். ஊசி அவளை அறை நடுவில் நிற்கவைத்தார்.

“பென்சிலோட பேரையே சீவிட்டியே தங்கச்சி! இனிமே இத நான் எப்படிக் கூப்பிடுவேன்? ‘ஏய், இந்தா’ன்னா?”

“தெரியாமப் பண்ணிட்டேண்ணே.”

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? பென்சில்கிட்ட மன்னிப்புக் கேளு.”

பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பென்சிலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் முகம் காது வரை சிவந்துவிட்டது. ஊசி அதை நல்ல நகைச்சுவை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நடித்துக் காட்டினார்.

அவளுடையது தற்காலிக வேலை. நிரந்தரம் ஆக்கும் உத்தரவு தட்டச்சாகி, பெரிய பொறியாளரின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பெரிய பொறியாளரைப் பெரிய சார் என்பார்கள். அவர் எதிலும் நிதானம். கையெழுத்தில் இன்னும் நிதானம்.

இப்படியிருக்கையில் ஒரு மத்தியானம், டீ குடித்து முடித்து, புதுப் பெட்டியிலிருந்து ஒரு நாலு எச்சும் ஒரு இரண்டு பியும் எடுத்தார் ஊசி. இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே நீளம். அன்றைக்குப் பிளேடு புதிது. காற்றில் ஈரம் இல்லை. மரம் வழவழவென்று வந்தது. இரண்டையும் சரியான கோடியில் சீவி முடித்தபோது கை மட்டும் அடங்கவில்லை. விரல்கள் தானாகச் சுழன்றுகொண்டே இருந்தன. சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் கவனிக்கவில்லை. ‘ஒரே ஒரு சுற்று’ என்று பென்சிலைத் திருப்பிப் பிடித்தார்.

நாலு எச் என்ற பொன் எழுத்து சீவலோடு சுருண்டு செய்தித்தாளில் விழுந்தது. அதைப் பார்த்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தச் சீவல் அவ்வளவு அழகாக விழுந்ததால் இன்னொன்றையும் திருப்பினார். முடித்துவிட்டுப் பார்த்தால் கையில் இரண்டு பக்கமும் முனையுள்ள, பெயரில்லாத, ஒன்றுபோல இரண்டு பென்சில்கள். காது மடல் சூடேறியது. அவசர அவசரமாகச் செய்தித்தாளைச் சுருட்டி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய்க் கழிவறைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். முப்பது வருஷ வேலைக்காரர், திருட்டு மாங்காயை ஒளிப்பவர் மாதிரி.

பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். எழுத்து போனால் என்ன, மூக்கு இருக்கிறதே! பென்சிலை முகர்ந்தே அதன் கடினத்தைச் சொல்லிவிடுவேன் என்று அவர் வெகுநாளாகச் சொல்லிவந்தார். அது உண்மையும்கூட. கண்ணைக் கட்டிவிட்டு ஒன்பது பென்சிலை வைத்தபோது ஒன்பதையும் சொன்னார். பத்தாவதாக யாரோ நீட்டிய விரலை முகர்ந்து, ‘இது ஆறாம் மேசைக்காரர், கடினம் போதாது’ என்றார்.

அந்த வாரம் அவருக்குக் கடுமையான ஜலதோஷம்.

அன்று சாய்வு மேசையில் இருந்தது ஊர்ப் பொது நூலகத்தின் வரைபடம். பெரிய வாசிப்பறை ஒன்று. அதன் நடுவில் புத்தக அலமாரி வரிசை நிற்கவேண்டிய இடத்தைக் கண்ணால் தெரிந்துகொள்ள மங்கலாக இரட்டைக் கோடு போடவேண்டும். ஊசி ஒரு பென்சிலை முகர்ந்தார். ‘நாலு எச்’ என்றது மூக்கு. போட்டார். கோடு கறுப்பாக விழுந்தது.

மங்கலாக வேண்டிய கோடு கறுப்பாக விழுந்தால், நேற்று வேலைக்கு வந்தவனும் பென்சில் மாறிவிட்டது என்று சொல்லிவிடுவான். ஊசி சொல்லவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்து, ‘அடேயப்பா, என்ன முனை! கல்லுக் கரியைக்கூட இப்படிப் பேசவைக்குதே!’ என்று தன் கையைத் தானே மெச்சிக்கொண்டு அடுத்த பென்சிலைச் சீவ உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நகலம்மா தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, ஹால் நடுவுல இந்த ரெட்டைக் கோடு கறுப்பா இருக்கே. மை போடலாமா?”

சீவல் அப்போது மூன்றாவது சுற்றில் இருந்தது. வாயைத் திறந்தால் மூச்சு பட்டு அறுந்துவிடும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீளமாகச் சீவும்போது அவர் தலை பென்சிலோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். போயிற்று.

“சரிண்ணே” என்று அவள் போய்விட்டாள்.

நாலு மாதம் கழித்து, நூலகத்தைக் கட்டிய மேஸ்திரி வந்தார். கையில் சுருட்டிய நீலத் தாள், மை நகலிலிருந்து எடுத்த பிரதி. முகத்தில் வேலை முடித்த பெருமை. பெரிய சார் அவருக்கு முன்னாலேயே கட்டிடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அறைக் கதவு திறந்தே இருந்ததால் மாடி முழுக்கக் கேட்டது.

“யோவ் மேஸ்திரி, ஹாலுக்கு நடுவுல சுவர் எழுப்பி வச்சிருக்கியே, அந்தப் பக்கம் எப்படிய்யா போறது?”

“பிளான்ல போட்டிருந்துச்சு சார், கட்டிட்டேன்.”

“கதவு எங்கேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?”

“பெரிய படிப்புப் படிச்சவங்க போட்டது. கதவு வைக்காம விட்டா அதுலயும் ஒரு விஷயம் இருக்கும்னு நெனச்சேன். நூலகம் இல்லையா சார், அந்தப் பக்கம் அமைதியா இருக்கட்டும்னு விட்டீங்களோன்னு…”

“உள்ள யாரோ இருமுற சத்தம் கேட்டுச்சே?”

“அது நம்ம பூச்சுக்காரர் சார். கட்டும்போது அந்தப் பக்கம் நின்னுட்டாரு. ஜன்னல் கம்பி வழியா சாப்பாடு போயிட்டிருக்கு. நல்லாத்தான் இருக்காரு. ஒரு சுத்து உடம்பு போட்டுட்டாரு.”

பெரிய சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மூலத்தாள், அதாவது ஊசி பென்சிலால் வரைந்த தாள், பத்து நிமிஷத்தில் தன் மேசைக்கு வரவேண்டும் என்று பியூனை அனுப்பினார். மூலத்தாள்கள் இருந்தது ஊசியின் பொறுப்பிலிருந்த அலமாரியில்.

ஊசி தாளை உருவி விரித்தார். நாலு மாதமாக இருட்டில் கிடந்த இரட்டைக் கோடு கன்னங்கரேலென்று முகத்தைப் பார்த்தது. அந்த நொடியில்தான் எல்லாம் புரிந்தது. பென்சில் மாறியது, மூக்கு ஏமாற்றியது, தலை ஆடியது. இப்படியே கொண்டுபோய் வைத்தால் பதினாலு பேரும் சொல்வார்கள்: ‘ஊசியே பேரைச் சீவிட்டாராம்!’ பென்சிலிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நடித்துக் காட்டுவார்கள்.

கை ரப்பரை எடுத்தது. முழுக்க அழிக்கவில்லை, அவ்வளவு தைரியமும் இல்லை. மேலாக, தடவுவதுபோல், இரண்டு தடவை. கறுப்பு சாம்பலானது. சாம்பல் மங்கலானது. நாலு எச் போட்ட மாதிரியே ஆகிவிட்டது. ரப்பர்த் தூளை ஊதினார். அவர் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான்.

பெரிய சார் தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். “மங்கல் கோடு. தெளிவா இருக்கு. இதுக்கு மேல யாரும்மா மை போடச் சொன்னது?”

நகலம்மா தாளை எட்டிப் பார்த்தாள். நம்பாமல் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். “அன்னிக்குக் கறுப்பா இருந்த மாதிரி… அண்ணன்கிட்டகூடக் கேட்டேன் சார். தலையாட்டினாருன்னு நெனச்சேன்…” சொல்லிக்கொண்டே ஊசியைத் திரும்பிப் பார்த்தாள். ஊசி ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கையை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவர் சீவிட்டிருந்தாரு சார். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல.”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை என்றார் பெரிய சார். நிரந்தர உத்தரவைத் தாள்கட்டின் அடியில் செருகினார்.

காக்கை பறந்துபோன பிறகும் ஊசி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு பென்சிலில் ஒன்று, தவறு செய்தது, மேசை இழுப்பறையில் இன்னும் இருந்தது. யார் கண்ணிலும் படக் கூடாதென்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரண்டு பக்கமும் முனையுள்ள பென்சிலைப் பையில் வைத்திருப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். நிமிர்ந்தால் கீழ்முனை நெஞ்சில் குத்தும். குனிந்தால் மேல்முனை தாடையில் குத்தும். நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல், கழுத்துப் பிடித்துக்கொண்டவர் மாதிரி தெருவில் நடந்து போனார். எதிரே வந்தவர்கள் ‘என்ன ஊசி, மரியாதையெல்லாம் பலமா இருக்கு’ என்று பதிலுக்கு வணக்கம் வைத்தார்கள்.

வீட்டில் அவர் மனைவி சட்டையைத் துவைக்க எடுத்தபோது விரலில் குத்திக்கொண்டாள்.

“ஏங்க, என்னங்க இது? ரெண்டு பக்கமும் சீவி வச்சிருக்கீங்க? இத எந்தப் பக்கம் புடிக்கிறது?”

“நடுவுல.”

“நடுவுல புடிச்சு என்ன பண்றது?”

“சும்மா இரேன்டி.”

“பேரு எழுதியிருக்கற பக்கத்தச் சீவக் கூடாதுன்னு கல்யாணமான ரெண்டாம் நாளே எனக்குப் பாடம் எடுத்தீங்க. மளிகைச் சீட்டு எழுதுற பென்சிலுக்கு அரை மணி நேரம் பாடம். இப்ப யாரு வேல இது?”

“யாரோ.”

“அந்த யாரோவ நல்லா நாலு வார்த்த கேளுங்க” என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். முப்பது வருஷம் ஒரு முகத்தைப் பார்ப்பவளுக்குப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் ஊசி பின்கட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். தூக்கி எறிந்தால் யாராவது எடுப்பார்கள், அடுப்பில் போட்டால் மனைவி கேட்பாள், சீவியே தீர்த்துவிடலாம் என்று முடிவு. வாழ்க்கையில் முதல்முறையாகப் பென்சில் உடைய வேண்டும், கரி கழன்று விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டு சீவினார். அன்றைக்கென்று அது உடையவே இல்லை. பிளேடைக் கோணலாகப் பிடித்தார். சீவல் நேராக வந்தது. வேண்டுமென்றே அழுத்தினார், முனை இன்னும் கூராயிற்று. தரையில் இரண்டு முறை போட்டு எடுத்தார். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷமாக அவர் ஏங்கிய சீவல் அன்று வந்தது. அறுபடாமல், மெல்லிசாக, கரையோடு, பின்கட்டைத் தாண்டி, துணிக்கொடியில் ஏறி, பக்கத்து வீட்டுக்குள் போனது. அந்த வீட்டுக்காரர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்து, ‘உங்களுது வந்துடுச்சு’ என்றார். ஊசிக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் குரல் கேட்டது.

“அண்ணே இருக்காரா அண்ணி?”

நகலம்மா. ஊசி சீவலை வாரிக்கொண்டு எழுவதற்குள் அவள் பின்கட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம்.

“தொந்தரவு பண்றேன்ணே. நாளைக்கு விசாரணை. தப்பு என் மேலதான். அன்னிக்கு நீங்க சீவிட்டிருந்தீங்க, நிமிர்ந்து பாக்கட்டும்னு நான் நின்னிருக்கணும். உங்கள இழுத்துவிட்ட மாதிரி பெரிய சார் முன்னாடி வேற சொல்லிட்டேன். அதுக்கு மன்னிச்சிடுங்க.”

ஊசி துண்டுப் பென்சிலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

“ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. ‘நல்லா வேல செய்ற பொண்ணு, ஒரு தடவை விட்டுடுங்க’ன்னு. உங்க பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்கு.” பொட்டலத்தை நீட்டினாள். “பிளேடுண்ணே. நீங்க வாங்குற அதே பிளேடு. சும்மாதான், வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.”

அவர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்கக்கூட வழி தெரியவில்லை. உள்ளங்கையில் மறைத்திருந்த துண்டுப் பென்சிலின் இரண்டு முனையும் இரண்டு பக்கமும் குத்தின.

“சொல்றேன் தங்கச்சி” என்றார். அவர் குரல் அவருக்கே பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது.

அவள் போன பிறகு மனைவி வந்து நின்றாள். செய்தித்தாளைப் பார்த்தாள். கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தாள். விரல்நகம் அளவு பென்சில், இரண்டு பக்கமும் முனை.

“அந்தப் பொண்ணு உங்களுக்குப் பிளேடு வாங்கிட்டு வந்திருக்கா” என்றாள். செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நடந்ததைத்தான் இனிச் சொல்லவேண்டும். முன்பே ஆணையிட்டாயிற்று, நம்பலாம்.

பெரிய சாரின் அறையில் பெரிய சார், மேஸ்திரி, குறிப்பெழுதக் கணக்கர், நாற்காலி நுனியில் நகலம்மா. ஊசி கடைசியாக வந்தார். “சொல்ல ஏதாவது இருக்கா?” என்று பெரிய சார் கேட்டதுதான் தாமதம், ஊசி எழுந்தார். அவர் நாற்காலி முதல்முறையாக ‘அப்பாடா’ என்றது. பையிலிருந்து துண்டுப் பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சார், பேரைச் சீவினது நான். பென்சில் மாறினது எங்கிட்ட. கோடு கறுப்பாத்தான் இருந்துச்சு. ரப்பர் போட்டதும் நான்தான். இந்தப் பொண்ணு கேட்டா. நான் சீவல் அறுந்துடும்னு வாயைத் தொறக்கல.” பிறகு நகலம்மாவின் பக்கம் திரும்பினார். “அன்னிக்குப் பென்சில்கிட்ட மன்னிப்புக் கேக்க வச்சேன். இன்னிக்கு நான் உங்கிட்டக் கேக்கறேன் தங்கச்சி. எல்லாரும் பாக்கட்டும்.”

கேட்டார். கேட்டபோது வெளியே பதினாலு மேசையிலும் இருந்த பென்சில்கள் எல்லாம் எழுந்து முனையில் நின்றன. பெரிய சார் டிரேசிங் தாளால் கண்ணைத் துடைத்தார். அது ஈரத்தை உறிஞ்சாததால் இன்னொரு தாளால் துடைத்தார். அடியில் செருகியிருந்த நிரந்தர உத்தரவைத் தேடி எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக நிதானம் இல்லாமல் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி ஊசியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியைச் சுற்றி வந்தார். ஊசியின் எடை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மேஸ்திரியின் முழங்காலைப் பற்றிக் கேட்பார்கள்; முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நூலகத்திலிருந்த சுவருக்கு எப்படியோ செய்தி எட்டி, அன்று நாலு மணிக்கு அது தானாகவே, தூசி கிளப்பாமல், பத்துப் பத்துச் செங்கலாக அடுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. பூச்சுக்காரர் வெளியே வந்து, ஊசியின் கையைப் பிடித்து, உள்ளே நன்றாகத்தான் இருந்தது என்றார். நகலம்மா சிரித்தாள். இந்த முறை முகம் சிவக்கவில்லை. நிமிர்ந்தாலும் குனிந்தாலும் எதுவும் குத்தாமல் ஊசி அன்று நேராக வீட்டுக்கு நடந்துபோனார்.

அந்தத் திங்கட்கிழமைக்குக் கணக்கர் எழுதிய விசாரணைக் குறிப்பு அலுவலகத்தின் பழைய தாள்கள் அறையில் இன்றும் இருக்கிறது: ‘சொல்ல ஏதும் உண்டா என்று மூத்த வரைவாளரிடம் கேட்கப்பட்டது. ஒன்றும் இல்லை என்றார். நகல் எடுப்பவரின் வேலை இன்றோடு முடிகிறது’ என்று மூன்று வரி, அதன் கீழே ஊசியின் கையெழுத்து, விரலால் தடவினால்தான் தெரிகிற அளவுக்குக் கூரான பென்சிலில்.